காதுல கரண்ட் குடுத்தா ரத்தம் நிக்குமா? நரம்புத் தூண்டல் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்ட் சுத்துது, "காதுல ஒரு கிளிப் மாட்டினா போதும், எவ்ளோ பெரிய காயமா இருந்தாலும் ரத்தம் நின்னுடும், அமெரிக்கால கண்டுபிடிச்சுட்டாங்க"ன்னு. நான் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன், 14 வருஷமா இதே வேலை, அதனால சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, கூடப் படிச்சவங்க எல்லாரும் எனக்கே அனுப்பி "இது நெஜமா?"ன்னு கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் போட்டு தொண்டை வத்திப்போச்சு, அதான் வந்த கேள்வியெல்லாம் ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னு உக்காந்தேன். நான் டாக்டர் இல்ல, அதையும் முதல்லயே சொல்லிடறேன்.

மொதல்ல, அந்த ஃபார்வர்ட் உண்மையா பொய்யா?

பாதி உண்மை. ஆராய்ச்சி நெஜம், ஆளுங்க நெஜம், ரிசல்ட்டும் நெஜம். ஆனா அந்த ரிசல்ட்ல பெரும்பகுதி பன்னியிலயும் எலியிலயும் வந்தது. "எவ்ளோ பெரிய காயமா இருந்தாலும்"ங்கறது யாரோ சேத்துவிட்ட மசாலா. ஆராய்ச்சி பண்ணவங்க யாரும் அப்படி சொல்லல.

நியூயார்க் பக்கத்துல மன்ஹாசெட்னு ஒரு ஊர், அங்க நார்த்வெல் ஹெல்த் ஆஸ்பத்திரிக் குழுமத்தோட ஃபைன்ஸ்டீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்க கெவின் ட்ரேசின்னு ஒரு நியூரோசர்ஜன், ஜாரெட் ஹஸ்டன்னு ஒரு ட்ராமா சர்ஜன், இவங்க குழு ரொம்ப வருஷமா இதுல இருக்காங்க. இதுக்கு அவங்க வெச்ச பேரு நியூரல் டூர்னிகே. டூர்னிகேன்னா கை கால்ல அடிபட்டா மேல இறுக்கிக் கட்டற பட்டை தெரியும்ல, அதையே நரம்பு வழியா பண்றதுன்னு அர்த்தம். பேரு கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா குழப்பமே அந்தப் பேராலதான் வருது. பட்டை ரத்தத்தோட வழிய அடைக்குது, இது எதையும் அடைக்கறதே இல்ல.

நரம்புக்கும் ரத்தம் உறையறதுக்கும் என்னங்க சம்பந்தம்? நரம்புன்னா வலி, அசைவு இதுக்குத்தானே?

நானும் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன். இது கொஞ்சம் நீளமான பதில், பொறுமையா படிங்க, இது புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும்.

மூளையில இருந்து நேரா கிளம்பற நரம்புகள்ல பத்தாவது நரம்புக்கு வேகஸ்னு பேரு. லத்தீன்ல அதுக்கு அலையறவன், நாடோடின்னு அர்த்தமாம், பேருக்கேத்த மாதிரி கழுத்து வழியா இறங்கி நெஞ்சு, நுரையீரல், வயிறு, குடல்னு ஊரெல்லாம் சுத்திட்டுத்தான் போகுது. இதோட ஒரு குட்டிக் கிளை காதுக்கும் வருது. நம்ப முடியலன்னா காதுக்குள்ள பட்ஸோ கோழி இறகோ விட்டு குடையும்போது சில பேருக்கு பொசுக்குன்னு இருமல் வரும் பாருங்க, தொண்டையில ஒண்ணுமே இருக்காது, ஆனா இருமுவாங்க. அது இந்தக் கிளையோட வேலைதான். காதைத் தொட்டா தொண்டை பதில் சொல்லுதுன்னா ரெண்டுக்கும் நடுவுல லைன் இருக்குன்னுதானே அர்த்தம்.

இப்ப மண்ணீரலுக்கு வாங்க. இடது பக்கம் விலா எலும்புக்கு அடியில இருக்கும். பழைய ரத்த அணுக்களைக் கழிச்சுவிடற இடம்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம், ஆனா எந்த நேரத்துல பாத்தாலும் உடம்புல இருக்கற பிளேட்லெட்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு அங்கதான் தங்கியிருக்கும். பிளேட்லெட்ங்கறது காயம் பட்ட இடத்துல முதல்ல ஓடிப்போய் ஒட்டிக்கற தட்டணு.

வேகஸ் நரம்பைத் தூண்டினா அந்தச் செய்தி வயித்துல இருக்கற ஒரு நரம்பு முடிச்சு வழியா மண்ணீரல் நரம்புக்குப் போகுது, அங்க இருக்கற ஒரு வகை டி செல், அதாவது நோய் எதிர்ப்புக்குன்னு இருக்கற வெள்ளை அணு, அசிட்டைல்கோலின்னு ஒரு பொருளை வெளிய விடுது, அந்த வழியா போற பிளேட்லெட் மேல இதைப் பிடிக்கறதுக்குன்னே ஒரு ஏற்பி இருக்கு, அதுல இது ஒட்டினதும் பிளேட்லெட்டுக்குள்ள கால்சியம் ஏறி அது உஷாராயிடுது. கவனிங்க, அப்பவே கட்டி ஆகறதில்ல, தயாரா மட்டும் இருக்கு. கோயில் திருவிழாவுல வாலண்டியர் பசங்களை முன்னாடியே எழுப்பி சட்டை போட வெச்சு நிறுத்தி வெக்கற மாதிரி. கூட்டம் எங்க தள்ளுதோ அங்க ஓடுவாங்க, தள்ளலன்னா சும்மா நிப்பாங்க.

அதனாலதான் சொல்றேன், இந்த மெஷின் ரத்தத்தை நிறுத்தாது. நிறுத்தப்போற ஆளை எழுப்பிவிடுது, அவ்ளோதான்.

பன்னியில என்ன பண்ணாங்க? நம்பர் இருக்கா?

இருக்கு. 2010ல ஷாக்ங்கற மருத்துவ இதழ்ல வந்தது. மயக்க மருந்து குடுத்த பன்னியோட காதுல ஒரு பகுதியை வெட்டி ரத்தம் எவ்ளோ நேரம் வருது, எவ்ளோ வருதுன்னு அளந்தாங்க. அப்புறம் வேகஸ் நரம்பைக் கரண்ட் குடுத்து தூண்டிட்டு மறுபடி அதே மாதிரி வெட்டி அளந்தாங்க. தூண்டறதுக்கு முன்னாடி சராசரியா 1033 செகண்ட், அதாவது 17 நிமிஷத்துக்கு மேல வந்துட்டு இருந்தது, தூண்டின பிறகு 585 செகண்ட்ல நின்னுடுச்சு, பத்து நிமிஷம்கூட இல்ல. போன ரத்தம் 48.4 மில்லில இருந்து 26.3 மில்லியா குறைஞ்சது.

எனக்கு இந்த இடத்துல உடனே ஒரு சந்தேகம் வந்தது, ஏன்னா வேகஸைத் தூண்டினா இதயத் துடிப்பு குறையும், துடிப்பு குறைஞ்சா பிரஷர் இறங்கும், பிரஷர் இறங்கினா ரத்தம் கம்மியாத்தானே வரும், இதுல என்ன அதிசயம்னு. தியேட்டர்லயே சில ஆபரேஷன்ல ரத்தம் கம்மியா போகணும்னு மயக்க டாக்டர் வேணும்னே பிரஷரை இறக்கி வெப்பாங்க. ஆனா அவங்க அதையும் பாத்திருக்காங்க, இந்த வித்தியாசம் துடிப்பாலயோ பிரஷராலயோ வந்தது இல்லன்னு எழுதியிருக்காங்க. காயத்துல இருந்து வடிஞ்ச ரத்தத்தை எடுத்துப் பாத்தா அதுல த்ராம்பின் உருவான அடையாளம் ஜாஸ்தியா இருந்திருக்கு. த்ராம்பின்தான் ரத்தத்தை கட்டியாக்கற முக்கியமான சரக்கு.

ஆனா 48 மில்லிங்கறது ஒரு சின்ன டீ கிளாஸ்ல முக்கால்வாசி கூட வராது. நாங்க தியேட்டர்ல ரத்தம் ஒத்தி எடுக்கற துணியை மாப்னு சொல்வோம், நனைஞ்ச மாப்பை எடை போட்டுத்தான் ரத்தம் எவ்ளோ போச்சுன்னு கணக்கு சொல்வோம், காஞ்ச எடையைக் கழிச்சு ஒரு கிராமுக்கு ஒரு மில்லின்னு. ஒரு பெரிய மாப் நல்லா நனைஞ்சாலே நூறைத் தாண்டும். மயக்க டாக்டர் "எவ்ளோ போயிருக்கு?"ன்னு கேக்கும்போது சக்‌ஷன் பாட்டிலையும் தராசையும் பாத்துட்டு "எட்நூறு சார்"னு சொல்ற நேரத்துல இருக்கற பதட்டம் வேற. பன்னிக் காது காயத்துல பாதியா குறைஞ்சதுங்கறதை அப்படியே அங்க கொண்டுபோய் வெக்க முடியாது.

எலியில புதுசா என்ன தெரிஞ்சது? ரத்தம் சரியா உறையாத ஹீமோஃபீலியா நோய்க்கு மருந்தா இது?

2023ல நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழ்ல ஹஸ்டன் குழு எழுதினாங்க. எனக்கு இந்த மொத்த விஷயத்துலயே பிடிச்ச பகுதி இதான், ஏன்னா "வேலை செய்யுது"ன்னு சொல்லிட்டு விடாம, எந்த ஸ்க்ரூவைக் கழட்டினா வேலை நிக்குதுன்னு ஒவ்வொண்ணா கழட்டிப் பாத்திருக்காங்க. வால் நுனியை வெட்டின எலியில வேகஸைத் தூண்டினா ரத்தம் கம்மியாச்சு. மண்ணீரலை எடுத்துட்டு தூண்டினாங்க, பலன் போச்சு. மண்ணீரலுக்குப் போற நரம்பை வெட்டினாங்க, போச்சு. டி செல் இல்லாத எலி, அந்த ஏற்பி இல்லாத எலி, எதுலயும் பலன் இல்ல. லைன்ல எங்க வெட்டினாலும் பல்பு எரியல, அப்ப லைன் இதுதான்னு ஓரளவு உறுதியாகுதுல்ல.

அப்புறம் ஹீமோஃபீலியா ஏ இருக்கற ஆண் எலிகள்ல பண்ணிப் பாத்திருக்காங்க. ஹீமோஃபீலியா ஏன்னா ஃபேக்டர் 8ங்கற உறைவுப் பொருள் உடம்புல இல்லாமயோ ரொம்பக் கம்மியாவோ பொறக்கறது. அதுலயும் ரத்தம் கம்மியாச்சு.

ஆனா ஹீமோஃபீலியா பசங்களோட அம்மா அப்பா யாராவது இதைப் படிச்சா ஒண்ணு சொல்லிக்கறேன், இதை நம்பி ஃபேக்டர் ஊசியைத் தள்ளிப் போடாதீங்க, தமிழ்நாட்டுல அரசு ஆஸ்பத்திரியில அது இலவசமாவே குடுக்கறாங்க. ஹீமோஃபீலியாவுல நெஜமாவே பெரிய செய்தி வேணும்னா அது வேலூர்ல இருக்கு. சிஎம்சி-ல அலோக் ஸ்ரீவஸ்தவா குழு, நோயாளியோட சொந்த ஸ்டெம் செல்லை எடுத்து அதுல ஃபேக்டர் 8 ஜீனை ஏத்தி திரும்ப உடம்புக்குள்ள விட்டு அஞ்சு பேருக்கு வைத்தியம் பண்ணியிருக்காங்க, 2024 டிசம்பர்ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்தது. எலி இல்ல, மனுஷங்க. அதை ஏன் யாரும் ஃபார்வர்ட் பண்ண மாட்டேங்கறாங்கன்னு தெரியல.

பிளேட்லெட்டை உசுப்பிவிட்டா மூளையில, இதயத்துல ரத்தக்கட்டி வந்துடாதா?

நல்ல கேள்வி, அறிவாளித்தனமான கேள்வி, இதைக் கேட்டது எங்க பெரியப்பா, ஸ்டென்ட் வெச்சவர்.

இதுவரைக்கும் விலங்குல பாத்த வரைக்கும் உறையறது காயத்துல மட்டும்தான், உடம்பு முழுக்க ஓடற ரத்தத்துல கட்டி ஆகல. காரணம் முன்னாடி சொன்ன அந்த வாலண்டியர் கதைதான், ரத்தக்குழாய் உள்சுவர் கிழிஞ்சாத்தான் பிளேட்லெட்டுக்கு வேலை. ஆனா ஸ்டென்ட் வெச்ச குழாய், கொழுப்பு படிஞ்சு வெடிச்சிருக்கற குழாய், இதெல்லாம்கூட ஒரு வகையில காயம்தானே. எலிக்கு அம்பது வயசுல சுகரும் கொலஸ்ட்ராலும் இல்ல. அதனால இதை மனுஷங்களுக்கு கொண்டு வரும்போது முதல்ல பதில் சொல்ல வேண்டிய கேள்வியே பெரியப்பா கேட்டதுதான்னு நான் நெனைக்கறேன்.

இன்னொரு பக்கம், வலிப்பு நோய்க்கு வேகஸ் நரம்புல மெஷின் வெக்கறது ஒண்ணும் புதுசு இல்ல. முதல் மனுஷருக்கு வெச்சது 1988ல, அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி குடுத்தது 1997ல. உலகத்துல லட்சம் பேருக்கு மேல வெச்சாச்சு, அவங்களுக்கு வர்ற வழக்கமான தொல்லை குரல் கம்மறது, இருமல், தொண்டைக் கரகரப்பு, இதுதான். 2005ல மனச்சோர்வுக்கும் அனுமதி வந்தது, 2025 ஜூலைல செட்பாயிண்ட் கம்பெனியோட மெஷினுக்கு முடக்குவாதத்துக்கு, அதாவது மூட்டு வீங்கி வலிக்கற நோய்க்கு, அனுமதி குடுத்திருக்காங்க, அதுவும் ட்ரேசியோட ஆராய்ச்சியில இருந்து முளைச்சதுதான்.

இந்த மெஷினை எங்க வெப்பாங்க? ஆபரேஷன் பண்ணணுமா?

மூணு வழி இருக்கு. வலிப்புக்கு வெக்கறது மாதிரி இடது பக்கம் நெஞ்சுத் தோலுக்கு அடியில பேட்டரி, அதுல இருந்து ஒயர் கழுத்துல வேகஸைச் சுத்தி. இடது பக்கம் ஏன்னா வலது பக்க வேகஸ்தான் இதயத் துடிப்பைக் கிளப்பற இடத்துக்கு அதிகமா போகுது, அதைச் சீண்ட வேண்டாம்னு. ரத்தக்கசிவுக்கு இது சரிப்படாது, அடிபட்டு ரத்தம் கொட்டற ஆளுக்கு யாரு கழுத்தைத் திறந்து ஒயர் வெப்பாங்க.

ரெண்டாவது, கழுத்து மேல கையில பிடிச்சு அழுத்தற மெஷின். காமாகோர்னு ஒண்ணு இருக்கு, 2017ல க்ளஸ்டர் தலைவலிக்கு அமெரிக்கால அனுமதி வந்தது.

மூணாவதுதான் ஃபார்வர்ட்ல வர்ற காது கிளிப். காது மடல்ல ஓட்டைக்குக் கொஞ்சம் மேல ஒரு பள்ளம் இருக்கும், விரலை வெச்சா ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும், அங்கதான் வேகஸ் கிளை தோலுக்குப் பக்கத்துல வருது. டல்லாஸ்ல ஸ்பார்க் பயோமெடிக்கல்னு ஒரு கம்பெனி, போதை மருந்தை நிறுத்தும்போது வர்ற உடம்பு முறுக்கலுக்கு ஸ்பாரோன்னு ஒரு காது மெஷின் பண்ணி 2021ல அனுமதி வாங்கினவங்க, அது வேகஸோட சேத்து காதுக்கு முன்னாடி வர்ற ட்ரைஜெமினல்ங்கற முகத்து நரம்பையும் தூண்டும். அவங்கதான் ஃபைன்ஸ்டீனோட சேந்து ரத்தக்கசிவுப் பக்கம் வந்திருக்காங்க, அதுக்குன்னு தனியா ஃபைவ் லிட்டர்ஸ்னு ஒரு கம்பெனி. நம்ம உடம்புல இருக்கற ரத்தமே சுமார் அஞ்சு லிட்டர்தான், பேரு வெச்ச ஆளைப் பாராட்டணும். மாதவிடாய்ல ரத்தம் அதிகமா போற பெண்கள்தான் அவங்க முக்கியமா கவனிக்கற கூட்டம்.

கடையில கிடைக்குமா? அமேசான்ல பாத்தேன், ரெண்டாயிரத்துச் சொச்சம் போட்டிருக்கு.

நீங்க பாத்தது தூக்கம் வரணும், டென்ஷன் குறையணும்னு விக்கற கிளிப். ரத்தப்போக்கை நிறுத்தறதுக்குன்னு அனுமதி வாங்கின நரம்பு மெஷின் எதுவும் இன்னும் இல்ல, இங்கயும் இல்ல, அமெரிக்காலயும் இல்ல. ரெண்டாயிரம் ரூபாய்க்கு வீட்டுக்கு ஒரு நல்ல முதலுதவிப் பெட்டி வாங்கலாம், மீதிக்கு பிரியாணியும் சாப்பிடலாம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்காவுக்கு (ஊரு பேரு வேண்டாம்) ஒரு இடத்துல "மூலத்துல வர்ற ரத்தம் நிக்க காது கரண்ட்"னு பத்து சிட்டிங் பேக்கேஜே போட்டாங்க. அந்த அக்கா ஏழு சிட்டிங் போன பிறகு ஹீமோகுளோபின் பாத்தா ஆறரை. ரத்தம் எங்க இருந்து வருதுன்னே யாரும் உள்ள பாக்கல. மலத்துல ரத்தம் வந்தா முதல்ல டாக்டர்கிட்ட காட்டி காரணத்தைக் கண்டுபிடிங்க, எல்லா ரத்தமும் மூலம் இல்ல.

அப்ப இது எங்கதான் உபயோகப்படும்?

எனக்குத் தோணறது, வெளியில இருந்து அமுக்க முடியாத இடங்கள். கை கால்ல அடிபட்டா அமுக்கலாம், கட்டலாம். வயித்துக்குள்ள ஈரல் கிழிஞ்சா எங்க போய் அமுக்கறது? ஆம்புலன்ஸ்ல வர்ற அந்த முக்கால் மணி நேரம்தான் கஷ்டம், அப்ப காதுல ஒண்ணை மாட்டிவிட்டு கொஞ்சமாவது ரத்தம் கம்மியா போனா தியேட்டர் வரைக்கும் ஆள் வந்து சேருவான். அதைவிட நல்ல இடம் திட்டமிட்டுப் பண்ற ஆபரேஷன், ஏன்னா பன்னியில அவங்க செஞ்சது தூண்டிட்டு அப்புறம் வெட்டினது. வாலண்டியரை முன்கூட்டியே எழுப்பறது. விபத்துல முன்கூட்டி எப்படி எழுப்ப முடியும்? இந்த வித்தியாசத்தை அந்த ஃபார்வர்ட் எழுதினவர் யோசிக்கவே இல்ல.

பிரசவத்துல ரத்தம் அதிகமா போறதுக்கு?

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி பிரசவத்துக்குப் பிறகு வர்ற ரத்தப்போக்கால வருஷத்துக்கு சுமார் 70,000 பெண்கள் சாகறாங்க, அதனால இந்தக் கேள்வி முக்கியமானது. ஆனா அங்க கதை வேற. நிறைமாசத்துல கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல ரத்தம் போயிட்டு இருக்கும். நஞ்சுக்கொடி வெளிய வந்ததும் கர்ப்பப்பை இறுகி, அதோட தசை நாரே ரத்தக்குழாயை முறுக்கிப் பிடிச்சுத்தான் ரத்தம் நிக்கணும், பிளேட்லெட் எல்லாம் அடுத்த கட்டம். பை இறுகலன்னா பிளேட்லெட் எவ்ளோ உஷாரா இருந்தும் பிரயோஜனம் இல்ல, ஆத்து வெள்ளத்துல மண்மூட்டை போடற கதை. அங்க கர்ப்பப்பையை இறுக வெக்கற ஆக்சிடோசின் ஊசி, வயித்தைப் பிடிச்சு மசாஜ், ட்ரானெக்சாமிக் ஆசிட், இதுதான் உசிரைக் காப்பாத்துது.

அந்த ட்ரானெக்சாமிக் ஆசிட்னா என்ன? அது இருக்கும்போது இது எதுக்கு?

பீரியட்ஸ்ல அதிகமா போனா டாக்டர் எழுதிக்குடுக்கற மாத்திரை இருக்குல்ல, அதே மருந்து ஊசியா. உறைஞ்ச கட்டி கரையாம பாத்துக்கும். ஜப்பான்ல ஒகமோட்டோ தம்பதி, உடகோ, ஷோசுகே, 1960கள் ஆரம்பத்துல கண்டுபிடிச்சது. 2010ல க்ராஷ்-2ன்னு 40 நாட்டுல 20,211 பேர்கிட்ட சோதனை பண்ணாங்க, அடிபட்ட ஆளுங்கள்ல சாவு 16லிருந்து 14.5 சதவீதமா குறைஞ்சது. கம்மியா தெரியுதா? நூறு பேர்ல ஒண்ணரை உசிரு. விலையும் ரொம்ப இல்ல. ஆனா மூணு மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், லேட்டா போட்டா பலன் இல்ல, கெடுதலாகூட ஆகலாம்.

காது மெஷின் எதோட போட்டி போடணும்னா இதோடதான். இருபதாயிரம் மனுஷங்க ஒரு பக்கம், கொஞ்சம் பன்னியும் எலியும் இன்னொரு பக்கம். ரெண்டும் வேற வேற இடத்துல வேலை செய்யறதால ஒருநாள் சேத்துக் குடுக்கலாம், அது வேற விஷயம்.

டெங்கு வந்து பிளேட்லெட் இருபதாயிரத்துக்கு இறங்கிடுச்சு, இதை மாட்டினா ஏறுமா?

ஏறாது. இது எண்ணிக்கையைக் கூட்டற வேலை இல்ல, இருக்கறதை உஷார் பண்றது. பப்பாளி இலைச்சாறு கோஷ்டி ஏற்கெனவே போதும், இதுல புதுசா காது கிளிப் கோஷ்டி வேண்டாம். டெங்குல பிளேட்லெட் நம்பரைவிட குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு பிரஷர் இறங்கறதுதான் ஆளைச் சாய்க்கறது, வார்டுல இருக்கறவங்க அதைத்தான் பாத்துட்டு இருப்பாங்க.

கண்ணாடி விரியன் கடிச்சா ரத்தம் உறையாம போகுமே, அதுக்கு?

விஷம் உறைவுப் பொருளையே தின்னு தீர்த்துடுது, சரக்கே இல்லாத கடையில ஆளை எழுப்பி என்ன பண்றது. விஷமுறிவு ஊசி மட்டும்தான் வழி, உடனே ஆஸ்பத்திரி. அப்புறம், டூர்னிகேன்னு பேரைக் கேட்டுட்டு பாம்பு கடிக்குக் கயிறு கட்டிடாதீங்க.

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் சாப்பிடறவங்களுக்கு?

அந்த மாத்திரைங்க பிளேட்லெட்டைத் தூங்க வெக்கறது, இது எழுப்பறது. ரெண்டையும் ஒரே ஆளுக்கு குடுத்தா யாரு ஜெயிப்பான்னு கேட்டா, உங்க உடம்பு அதுக்கான ஆடுகளம் இல்ல. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

தோப்புக்கரணம் போட்டா காது நரம்பு தூண்டும்னு சொல்றாங்களே? வர்மத்துலயும் இது இருக்குன்னு சொன்னாங்க.

தோப்புக்கரணத்துல நாம பிடிக்கறது காதோட கீழ் மடல், தோடு போடற இடம். அங்க வர்ற நரம்பு கழுத்துத் தண்டுவடத்துல இருந்து வர்றது, வேகஸ் இல்ல. வேகஸ் கிளை இருக்கறது மேல சொன்ன அந்தக் கிண்ணத்துல. பிள்ளையார் முன்னாடி போடுங்க, காலுக்கு நல்ல பயிற்சி, ரத்தக்கசிவோட முடிச்சுப் போடாதீங்க. வர்மம் தெரிஞ்ச ஆசான்கள் மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா இந்த ஆராய்ச்சி அதுல இருந்து வந்ததில்ல, ரெண்டையும் ஒட்டவெச்சு வர்ற வீடியோ எல்லாம் வியூஸுக்காக.

ஆபரேஷன்ல ஏற்கெனவே கரண்ட் வெச்சுத்தானே ரத்தத்தை நிறுத்தறீங்க?

அது காட்டரி. ரத்தக்குழாய் நுனியைச் சுட்டு மூடறது, சதை கருகற வாசனை வரும், புதுசா வர்ற நர்சிங் பசங்க முதல் நாள் மூக்கைப் பொத்துவாங்க. 1926 அக்டோபர்ல பாஸ்டன்ல ஹார்வி குஷிங்ங்கற மூளை சர்ஜன், போவிங்கறவர் பண்ணின மெஷினை வெச்சு ஆரம்பிச்சது, இன்னிக்கும் பல தியேட்டர்ல சர்ஜன்ங்க "போவி குடு"ன்னுதான் கேப்பாங்க. அது சூடு. நரம்புத் தூண்டல்ல சூடே இல்ல, கரண்ட் செய்தியை மட்டும்தான் கொண்டு போகுது.

இடையில இன்னொரு வகையும் இருக்கு. ஸ்டான்ஃபோர்ட்ல டேனியல் பலங்கர் குழு, ரத்தக்குழாய்க்கே நேரா ரொம்பச் சின்னச் சின்ன துடிப்பா கரண்ட் குடுத்து அதைச் சுருங்க வெச்சாங்க, எலியில, 2013ல எழுதினது. கரண்டை எடுத்தா குழாய் மறுபடி விரியும். சுட்டு மூடினா திரும்ப வராது, இது வரும், அதான் அதுல அழகு.

இந்த ஆராய்ச்சியை யாரும் எதிர்க்கலையா?

ரத்தம் குறையறதைவிட, அந்த லைன் போற வழியைத்தான் கேள்வி கேக்கறாங்க. மெல்போர்ன் ஃப்ளோரி நிலையத்துல மார்ட்டெல்லி, மெக்கலன்னு ரெண்டு பேர், இதே லைன் வழியா வேகஸ் அழற்சியை, அதாவது உடம்புக்குள்ள வர்ற வீக்கத்தை, அடக்குதுன்னு ட்ரேசி குழு சொன்னதுக்கு, அந்த நரம்பு வழி வேகஸே இல்ல, அது வேற ஒரு நரம்புக் கூட்டமான சிம்பதெட்டிக் நரம்பு வழின்னு 2014லயே எலியில காட்டியிருக்காங்க. மண்ணீரல் நரம்போட வேகஸ் நேரா கை கோக்குதாங்கறதுல இன்னும் சண்டை ஓடிட்டுத்தான் இருக்கு. எங்க வீட்டு இன்வெர்ட்டர் மாதிரி, எந்த ஒயர் எங்க போகுதுன்னு எலக்ட்ரீஷியன் ரெண்டு பேருக்கும் ஒத்துவராது, ஆனா ஸ்விட்ச் போட்டா லைட் எரியுது.

மண்ணீரலை எடுத்தவங்க இருக்காங்களே, விபத்துல, இல்ல தலசீமியாவுல?

எலிக் கணக்குப்படி பாத்தா அவங்களுக்கு இது வேலை செய்யாது.

வீட்ல முட்டி வலிக்கு வாங்கின டென்ஸ் மெஷின் இருக்கு, அந்தப் பேடை காதுலயோ கழுத்துலயோ ஒட்டிப் பாக்கலாமா?

வேண்டாம், தயவுசெஞ்சு வேண்டாம். கழுத்து முன்பக்கத்துல பிரஷரைக் கண்காணிக்கற ஒரு முடிச்சு இருக்கு, அங்க கரண்ட் பட்டா துடிப்பும் பிரஷரும் படக்குன்னு இறங்கி ஆள் மயங்கி விழலாம், தொண்டைத் தசை இறுகிக்கலாம். அந்த மெஷின் மேனுவல்லயே கழுத்து முன்பக்கம் வெக்காதீங்கன்னு போட்டிருக்கும், யாரும் படிக்கறது இல்ல.

சரி, இப்ப கண்ணு முன்னாடி ஒருத்தருக்கு ரத்தம் கொட்டுது, என்ன பண்றது?

சுத்தமான துணியை காயத்து மேல வெச்சு உள்ளங்கையால நல்லா அழுத்துங்க, உங்க உடம்பு எடை இறங்கற மாதிரி. நடுநடுவுல எடுத்துப் பாக்காதீங்க, நம்ம ஆளுங்க பண்ற முதல் தப்பே இதான், "நின்னுடுச்சா"ன்னு எடுத்து எடுத்துப் பாப்பாங்க, ஒட்ட ஆரம்பிச்ச பிளேட்லெட் துணியோட சேந்து வந்துடும். துணி நனைஞ்சா எடுக்காம அது மேலயே இன்னொண்ணு வெச்சு அழுத்துங்க. காபித்தூள், மஞ்சள், மை எதுவும் போடாதீங்க, அதைக் கழுவி எடுக்கறதுக்குள்ள தியேட்டர்ல எங்க உசிரு போயிடும். இன்னொரு ஆள் 108க்கு போன் பண்ணட்டும். கை கால்ல ரத்தம் பீச்சியடிச்சு, அழுத்தியும் நிக்கலன்னா காயத்து மேலயே இல்லாம, அதுக்குக் கொஞ்சம் மேல இதயப் பக்கமா அகலமான பட்டையா இறுக்கிக் கட்டி, கட்டின நேரத்தை அவங்க நெத்தியிலயோ கையிலயோ பேனாவால எழுதிடுங்க. மூக்குல ரத்தம்னா தலையை அண்ணாக்க வேண்டாம், முன்னாடி குனிஞ்சு மூக்கோட மெத்துன்னு இருக்கற பகுதியை பத்து நிமிஷம் விடாம பிடிச்சுக்கணும்.

எங்க மாமாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கு, தூக்கத்துக்காக அந்த காது கிளிப் வாங்கிட்டாரு, மாட்டலாமா?

கழட்டி வெக்கச் சொல்லுங்க. அடுத்த செக்கப்புக்குப் போகும்போது கிளிப்பைக் கையோட எடுத்துட்டுப் போய் பேஸ்மேக்கர் பாக்கற டாக்டர்கிட்ட காட்டிட்டு, அவர் சரின்னு சொன்னா மட்டும் மாட்டட்டும்.